ஏழாம் கூண்டின் எட்டுக் குட்டிகள்

ஜூன் 9, திங்கள்

ஸ்டோர் ரூமைச் சுத்தம் செய்தபோது இந்த நோட்டு கிடைத்தது. ஆராய்ச்சி மாணவர்களுக்குக் கொடுக்கிற தடி அட்டை நோட்டு, ஒவ்வொரு பக்கத்திலும் எண் அச்சடித்தது. அட்டையில் டீ கொட்டிய கறை இருப்பதால் யாரும் வாங்கவில்லையாம். "எடுத்துக்கோ தணிகாசலம், வீட்டுல எதுக்காவது ஆவும்" என்றார் ஸ்டோர்காரர். வீட்டில் என்னைத் தவிர யாரும் இல்லை. பேச ஆள் இல்லாதவன் எழுதவாவது செய்யலாமே என்று பையில் போட்டுக்கொண்டேன்.

என் வேலை அனிமல் ஹவுஸில். ஆராய்ச்சி நிலையத்தின் பின்பக்கம், ஜெனரேட்டருக்கு அடுத்த கட்டடம். பதினேழு வருடமாக எலிகளுக்குத் தீனி வைக்கிறேன், தண்ணீர் வைக்கிறேன், உமி மாற்றுகிறேன், கூண்டு கழுவுகிறேன். எலி என்னிடம் இதுவரை எதிர்த்துப் பேசியதில்லை.

இன்று புது வேலை தொடங்கியது. ஃபர்ஹானா என்று ஒரு பெண், வாணியம்பாடிக்காரி, டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்கிறாள். அவளுடைய பன்னிரண்டு பெண் எலிகள் சினையாகியிருப்பது உறுதியாகிவிட்டது. பன்னிரண்டு ஸ்டீல் கூண்டு, பன்னிரண்டு கண்ணாடிப் பாட்டில். பிளாஸ்டிக் எதுவும் அறைக்குள் வரக்கூடாது என்று கதவில் எழுதி ஒட்டியிருக்கிறாள். நான் டீயை பிளாஸ்டிக் கவரில் கட்டி வாங்கி வந்து நின்றேன்.

"அண்ணா, ஆராய்ச்சியே பிளாஸ்டிக்க பத்திதான். நீங்களே கவரோட வந்து நின்னா எப்படி?" என்று சிரித்தாள்.

வெட்கமாகப் போய்விட்டது. நாளையிலிருந்து தூக்குவாளி.

ஜூன் 12, வியாழன்

மாவுப் பாக்கெட் தனி ஆளுக்கு மூன்று நாள் வருகிறது. மூன்றாம் நாள் புளித்துவிட்டது. தோசையாக ஊற்றித் தின்றேன்.

ஜூன் 15, ஞாயிறு

ஞாயிறும் வேலைதான், எலிக்கு லீவு கிடையாது. எனக்கும் அதில் வருத்தமில்லை.

இன்றிலிருந்து மருந்து. இரண்டு பாட்டில், ஒன்றில் மஞ்சள் ஸ்டிக்கர், மற்றதில் நீலம். ஒன்றில் வெறும் சோள எண்ணெய், இன்னொன்றில் எண்ணெயோடு அந்தப் பிளாஸ்டிக் ரசாயனம். எது எதில் என்று எனக்கும் தெரியாது, ஃபர்ஹானாவுக்கும் தெரியாது. அவளுடைய கைடு சார் எழுதி, கவரில் ஒட்டி, பீரோவில் பூட்டி வைத்திருக்கிறார். தெரிந்தால் நம் கண்ணே நம்மை ஏமாற்றிவிடுமாம். பிஸ்கட் துண்டில் சொட்டு விட்டு ஆறு எலிக்கு மஞ்சள், ஆறு எலிக்கு நீலம். பிரசவம் வரைக்கும் தினமும் காலையில். பிறகு பிறக்கும் குட்டிகளுக்கு ஒரு சொட்டுக்கூடக் கிடையாது. தாயின் வயிற்றில் இருந்தபோது பட்டது வளர்ந்த பிறகு குட்டியின் நடத்தையில் தெரிகிறதா என்பதுதான் கேள்வி.

எலிக்குப் பெயர் வைக்கக்கூடாது என்று விதி இருக்கிறது. நான் வைப்பதில்லை. ஏழாம் நம்பரை ஏழாம் நம்பர் என்றுதான் கூப்பிடுகிறேன், கொஞ்சம் செல்லமாக. பிஸ்கட்டை அது இரண்டு கையாலும் வாங்கிக்கொள்கிறது.

லோகுவைப் பற்றி எழுதவில்லையே. என் மகன் லோகேஷ், இருபத்து நாலு வயது, ஓசூரில் மெஷின் ஆபரேட்டர். வேலை அதிகம், போன் செய்ய நேரமில்லை.

ஜூன் 23, திங்கள்

அந்த ரசாயனத்தின் பெயர் என்ன என்று ஃபர்ஹானாவைக் கேட்டேன். அனுமார் வால் மாதிரி ஒரு பெயர் சொன்னாள். நான் விழித்தேன்.

"பி.வி.சி. வளையறதுக்குப் போடுவாங்கண்ணா. ட்யூபு, ஒயரு, ரெக்ஸின் எல்லாத்துலயும் இருக்கும். கம்பெனில டி.ஓ.பி.ன்னு சொல்வாங்க."

டி.ஓ.பி.யை எனக்கு நன்றாகத் தெரியும். இங்கே வருவதற்கு முன்னால் அம்பத்தூரில் ஒரு ட்யூப் கம்பெனியில் ஒன்பது வருடம் இருந்தேன். தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சுகிற பச்சை ட்யூப். கம்பெனியை மூடி எத்தனையோ காலமாகிறது. டி.ஓ.பி. எண்ணெய் டிரம் டிரம்மாக வரும். வெள்ளைப் பவுடரில் அதை ஊற்றிப் பிசையவேண்டும், சப்பாத்தி மாவு மாதிரி. பிசைகிற வேலை பெண்களுக்கு. ரேணுகாவும் பிசைந்தாள். ரேணுகா என் மனைவி. அந்த வேலையை அவளுக்கு வாங்கிக் கொடுத்தது நான்தான்.

ஏழாம் மாதம்வரை வந்தாள். வெறும் கையால்தான். முழங்கைவரை எண்ணெய் மினுக்கும், சாயங்காலம் மண்ணெண்ணெய் போட்டுக் கழுவுவாள். அவள் நின்றுகொள்கிறேன் என்று சொன்ன நாளில் கூட வேலை செய்த பெண்கள் வளைகாப்பு என்று கலர் கலராக ட்யூபை வெட்டி வளையமாக்கி இரண்டு கையிலும் போட்டுவிட்டார்கள். பெரிய சிரிப்பு. வீட்டுக்கு வந்தும் கழற்ற மனமில்லை அவளுக்கு. அப்படியே படுத்துத் தூங்கினாள்.

ஆறாம் மாதம்வரை என்று நினைக்கிறேன். ஏழாகவும் இருக்கலாம். அதற்கு மேல் எழுத ஒன்றுமில்லை.

ஜூன் 24, செவ்வாய்

உமி மாற்றிக்கொண்டே கேட்டேன். "எனக்குத் தெரிஞ்சவர் பையன் ஒருத்தன்மா. சின்ன வயசுல ஒரு இடத்துல உக்கார மாட்டான். பெஞ்சு மேல ஏறுவான், ஜன்னல்ல தொங்குவான், டீச்சர் சொன்னது ரெண்டு நிமிஷம் மண்டையில நிக்காது. அது இதனாலயா இருக்குமா?"

அவள் கையில் இருந்ததைக் கீழே வைத்துவிட்டுத்தான் பதில் சொன்னாள். "சொல்ல முடியாதுண்ணா. ஒரு பையன வச்சு எதுவும் சொல்ல முடியாது. ஒரு பிள்ளை அப்படி இருக்க நூறு காரணம் இருக்கும். எலியில பாக்கறத அப்படியே மனுஷனுக்குப் போடவும் முடியாது. ஆனா காரணம் எதுவா இருந்தாலும், சின்னப் பிள்ளை வேணும்னு பண்றதில்லையேண்ணா."

ஆமாம் என்றேன்.

ஜூன் 25, புதன்

ரசம் வைத்தேன். புளி அதிகம்.

ஜூலை 1, செவ்வாய்

ஒன்பது எலிகள் குட்டி போட்டுவிட்டன. மீதி மூன்றும் நாளைக்குள். விரல் நுனி அளவு, செக்கச் சிவப்பு, கண் மூடியிருக்கிறது. பால் குடித்ததும் வயிற்றில் பால் வெள்ளையாகத் தெரிகிறது. பதினேழு வருடமாகப் பார்க்கிறேன், இன்றைக்கும் ஒவ்வொன்றையும் இரண்டு கையாலும்தான் எடுக்கிறேன். ஒரு தாய்க்கு எட்டுக் குட்டி என்று சமப்படுத்தினோம். ஃபர்ஹானா பேரீச்சம்பழம் கொண்டுவந்து கொடுத்தாள். பிரசவ வீட்டில் இனிப்பு கொடுக்காமல் எப்படி என்றாள்.

ஜூலை 3, வியாழன்

ஏழாம் நம்பர் சரியில்லை. பால் கொடுக்கிறது, ஆனால் குட்டிகளை நக்குவதில்லை. ஒரு மூலையில் போய் உட்கார்ந்து தன் முகத்தையே கழுவிக்கொண்டிருக்கிறது. தாய் நக்கிவிட்டால்தான் இந்த வயதில் குட்டிக்குச் சிறுநீரே போகும். எட்டுக்கும் அடிவயிறு உப்பியிருக்கிறது.

இப்படியானால் உடனே எழுதிக் கொடுக்கவேண்டும் என்பது விதி. எழுதிக் கொடுத்தால் அந்தக் கூண்டை ஆராய்ச்சியிலிருந்து எடுத்துவிடுவார்கள். எடுத்துவிடுவது என்றால் கொன்றுவிடுவது என்று எல்லோருக்கும் தெரியும்.

நோட்டீஸ் போர்டு எழுதுகிற சின்ன பிரஷ் ஒன்று புதிதாக இருந்தது. வெந்நீரில் அலசி, வெதுவெதுப்பான தண்ணீரில் தொட்டு, ஒவ்வொரு குட்டியாக அடிவயிற்றில் தடவிவிட்டேன். ஒரு நிமிடத்தில் ஒரு சொட்டு விட்டது. பிறகு முதுகில், தலையில். கூண்டுகளைப் பதிவு செய்கிற கேமரா எட்டு மணிக்குத்தான் ஓடத் தொடங்கும். நான் ஆறேகாலுக்கு வந்துவிடுகிறேன்.

காலை 6.35 முதல் 6.50 வரை. எட்டுக் குட்டி.

ஜூலை 4, வெள்ளி

காலை 6.30 – 6.48. எட்டும் நலம். நாளைக்குத் தாயே பார்த்துக்கொண்டால் நிறுத்திவிடுவேன்.

ஜூலை 5, சனி

6.30 – 6.50. தாய் பார்க்கவில்லை.

ஜூலை 6, ஞாயிறு

6.25 – 6.55. இன்று அதிக நேரம், அறையில் வேறு யாரும் இல்லை. குட்டியை உள்ளங்கையில் வைத்துத் தடவினால் முதலில் நெளிகிறது, பிறகு உடம்பைத் தளர்த்திவிட்டுத் தூங்குகிறது. ஒரு குட்டி தூங்குகிறவரைக்கும் அடுத்ததை எடுக்க மனம் வரவில்லை.

வீட்டுக்கு வந்து துணி துவைத்தேன். மதியத்திலிருந்து யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை என்பது விளக்கு வைக்கும்போதுதான் தெரிந்தது.

ஜூலை 9, புதன்

6.30 – 6.50.

ஃபர்ஹானா கேமராப் பதிவுகளைப் பார்த்து, எந்தத் தாய் எத்தனை தடவை நக்குகிறது என்று எண்ணிக்கொண்டிருக்கிறாள். "ஏழாம் நம்பர்தாண்ணா எல்லாத்தையும்விடக் கம்மி. ஆனா குட்டிங்களப் பாருங்க, எவ்ளோ நல்லாருக்கு! எப்படின்னே புரியல" என்றாள்.

அப்போதே சொல்லியிருக்கலாம். வாய்வரைக்கும் வந்தது. எட்டும் உமிக்குள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. பாட்டிலைக் கழுவப் போய்விட்டேன்.

ஜூலை 14, திங்கள்

6.30 – 6.45. மூன்று குட்டிக்குக் கண் திறந்துவிட்டது. தடவும்போது என்னைப் பார்க்கின்றன.

லோகுவுக்கு ஒன்றாம் வகுப்பில் முதல் புகார் வந்தது. பக்கத்துப் பையனின் நோட்டைக் கிழித்துவிட்டானாம். ஏண்டா என்றால், "தெரியலப்பா, கை போயிடுச்சு" என்றான். வீட்டுக்கு அழைத்து வந்து கண்டித்தேன். ரேணுகா குறுக்கே வந்தாள். பிறகு மாதம் இரண்டு புகார், மூன்று புகார். நான் கண்டிப்பான தகப்பன். எங்கள் தெருவில் எல்லோருக்கும் அது தெரியும். கண்டிக்காமல் விட்டிருந்தால் ரவுடியாகப் போயிருப்பான் என்று பலபேரிடம் நானே சொல்லியிருக்கிறேன்.

அவன் ஒரு நாளும் ரவுடியாக இருந்ததில்லை. கை போய்விடும், அவ்வளவுதான். போன பிறகு அவனே அழுவான்.

ஜூலை 22, செவ்வாய்

இன்று குட்டிகளைத் தாயிடமிருந்து பிரித்து, அதே எண் போட்ட தனிக் கூண்டுகளில் விட்டாயிற்று. காலையில் கடைசியாக 6.30 – 6.40. நடுவில் எழுதாத நாட்களிலும் தினமும் 6.30 – 6.50. இனி பிரஷ் வேண்டியதில்லை. வெள்ளை முடி முளைத்து, ஓடி, தானே தின்கின்றன. எட்டில் ஒன்றுகூடச் சாகவில்லை.

நாளை ஆறேகாலுக்கு வந்து என்ன செய்வது என்று தெரியவில்லை.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. மாடி வீட்டம்மா எலுமிச்சை சாதமும் தயிர் சாதமும் கொடுத்தனுப்பினார். ரேணுகா போய் ஐந்து வருடமாகிறது. சுகர், கிட்னி, எல்லாம் சேர்ந்து. அவள் இருந்தவரைக்கும் வீட்டில் ஒரே சத்தம். போன பிறகு நானும் லோகுவும் இரண்டு வருடம் ஒரே வீட்டில் இருந்தோம். பேசிய பேச்சையெல்லாம் சேர்த்தால் ஒரு பக்கம் வராது.

சாப்பிட்டுவிட்டு அவனுக்குப் போன் செய்தேன். முழுக்க அடித்து நின்றது. வேலையாக இருப்பான்.

ஆகஸ்ட் 18, திங்கள்

இன்று முதல் சோதனை. மேலே திறந்த பெரிய பெட்டி, தரையில் கட்டம் கட்டமாகக் கோடு. குட்டியை நடுவில் விட்டு ஐந்து நிமிடம் என்ன செய்கிறது என்று பார்க்கவேண்டும். நான் கொண்டுவந்து விடுவேன், ஃபர்ஹானா கட்டத்தை எண்ணுவாள்.

சில கூண்டுக் குட்டிகள் நிதானமாக நடந்தன, முகர்ந்தன, உட்கார்ந்தன. சில கூண்டுக் குட்டிகள் விட்ட நொடியிலிருந்து ஓட்டம். சுவரோரமாகச் சுற்றிச் சுற்றி ஓடுகின்றன. நிற்கவே தெரியவில்லை. பின்னால் யாரும் துரத்தவில்லை, எதிரில் தீனியும் இல்லை. ஐந்து நிமிடம் முடிந்து கையில் எடுத்தால் நெஞ்சு படபடவென்று அடிக்கிறது.

ஒரு குட்டி ஓடி ஓடிப் பெட்டியின் விளிம்பில் ஏறிக் கீழே குதித்துவிட்டது. பிடித்து எடுத்தேன். ஃபர்ஹானா நேரத்தைக் குறித்துவிட்டு, "பரவால்லண்ணா, திரும்ப விடுங்க" என்றாள். அதை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. எலி ஓடியதற்கு எலியை யார் திட்டுவார்கள்?

ஏழாம் கூண்டின் எட்டும் நடந்தன, உட்கார்ந்தன, முகத்தைக் கழுவிக்கொண்டன.

ஆகஸ்ட் 29, வெள்ளி

கைடு சார் இன்று கவரைப் பிரித்தார். அறையில் நாங்கள் மூன்று பேரும் இருந்தோம். மஞ்சள்தான் ரசாயனம். ஓடிய குட்டிகள் எல்லாம் மஞ்சள் கூண்டுக் குட்டிகள். ஃபர்ஹானா முகம் மலர்ந்துவிட்டது. அடுத்த நிமிடம் சார் விரலை வைத்த இடத்தைப் பார்த்தாள். மஞ்சளில் ஆறு கூண்டு. ஐந்து ஓடுகின்றன. ஏழாம் கூண்டும் மஞ்சள். அது ஓடவில்லை.

"ஆறுல ஒண்ணு இப்படி இருந்தா உன் முடிவு நிக்காதும்மா" என்றார் சார். "இவ்வளவு கம்மி கூண்ட வச்சுக்கிட்டு எவனும் ஒத்துக்கமாட்டான். திரும்ப முதல்லேர்ந்து செய்யணும்."

"டிசம்பரோட எனக்குக் குடுத்த காலம் முடியுது சார்."

சார் என் பக்கம் திரும்பினார். "மருந்து மாத்திக் குடுத்திருப்பாரு. ஏழுக்கு மஞ்சளுக்கு பதிலா நீலம் போயிருக்கும். வேற என்ன?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் சொன்னாள். "இல்ல சார். அண்ணா அப்படி மாத்திக் குடுக்கற ஆள் இல்ல. மத்தவங்க யார வேணா சொல்லுங்க, அவர சொல்லாதீங்க."

சார் கவரை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவள் நாற்காலியில் உட்கார்ந்து அதே தாளை மறுபடி மறுபடி பார்த்தாள். நான் கூண்டுகளைக் கழுவினேன், ஏற்கெனவே கழுவியிருந்த கூண்டுகளையும் கழுவினேன்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

சொன்னால் என் வேலை போகலாம். இன்னும் இரண்டு வருடம்தான் ஓய்வுக்கு. சொல்லாவிட்டால் அந்தப் பெண் நாலு வருடம் உழைத்தது வீணாகும். கேட்டால் யாருக்கும் இது கஷ்டமான கேள்வியாகத் தோன்றாது. எனக்கு இரண்டு நாள் ஆனது, அதை நினைத்தால்தான் அசிங்கமாக இருக்கிறது.

செப்டம்பர் 1, திங்கள்

சொல்லிவிட்டேன். பிரஷ்ஷையும் எடுத்துக் காட்டினேன்.

ஃபர்ஹானா பிரஷ்ஷை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "தினமுமாண்ணா?"

"தினமும்மா. இருபது நாள்."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா எடுத்துடுவீங்கன்னு."

அவள் கோபப்பட்டாள். நான் பார்த்ததில் முதல் தடவை. "நான் எத்தன தடவ சொல்லிருக்கேன், தொட்டா எழுதுங்க, தும்முனாகூட எழுதுங்கன்னு! உங்கள நம்பித்தானே சார்கிட்ட அப்படிப் பேசினேன்" என்றாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். எனக்கும் வந்தது.

செப்டம்பர் 2, செவ்வாய்

கைடு சார் முழுவதையும் கேட்டார். கத்தவில்லை. ஏழாம் கூண்டை இப்படி ஒருவர் கை வைத்துக் கெடுத்திருந்தால், காரணம் எழுதி அதை ஒதுக்கிவிட்டு மீதியைக் கணக்கில் எடுக்கலாமாம். ஃபர்ஹானாவின் முடிவு நிற்கும். ஆனால் ஒன்று. "கவரைப் பிரிச்சு, முடிவு பிடிக்கலன்னதும் கதை கட்டறீங்கன்னு கமிட்டி சொல்லும். அப்ப எழுதினது எதாவது இருக்கா? தேதி, நேரம்?"

இருக்கிறது என்றேன். இரண்டு பேரும் நிமிர்ந்தார்கள்.

"ஒரு நோட்டு. வீட்டுல எழுதறது" என்றேன். "அதுல நேரம் மட்டும் கிழிச்சுக் கொண்டுவரட்டுமா சார்?"

சார் தலையை ஆட்டினார். ஒரு பக்கம் கிழித்தாலும் நோட்டு செல்லாது. பக்க எண் வரிசையாக இருக்கவேண்டும். முழுசாகத்தான் கொடுக்கவேண்டும். தப்பாக எழுதியிருந்தால் ஒரே ஒரு கோடு போட்டு அடிக்கலாம், அடியில் இருப்பது படிக்கத் தெரியவேண்டும். பக்கத்தில் சரியானதை எழுதிக் கையெழுத்தும் தேதியும் போடவேண்டும். இந்த விதியைப் பதினேழு வருடமாகப் பையன்களுக்கும் பெண்களுக்கும் நானே சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

செப்டம்பர் 9, செவ்வாய்

நாளை கமிட்டி. ஆறு பேர் படிப்பார்களாம். ஃபர்ஹானாவும் படிப்பாள். ஒரு வாரமாக இந்த நோட்டை முதலிலிருந்து படித்துக்கொண்டிருக்கிறேன். பிரஷ் நேரங்கள் எல்லாம் சரி. மற்றவற்றில் தவறு இருக்கிறது. கோடு போட்டுவிட்டேன். பக்க ஓரத்தில் இடம் போதவில்லை, இங்கே எழுதுகிறேன்.

'வேலை அதிகம், போன் செய்ய நேரமில்லை' என்று எழுதியது தவறு. என் நம்பரைப் பார்த்தால் அவன் எடுப்பதில்லை. மூன்று வருடமாகிறது. கடைசி நாள் ஏதோ ஒரு பேச்சுக்கு நான் கை ஓங்கினேன். அவன் என் கையைப் பிடித்தான். திருப்பி அடிக்கவில்லை, பிடித்துக்கொண்டு நின்றான். அவன் கை என் கையைவிடப் பெரிதாகியிருந்தது. மறுநாள் ஓசூர் போய்விட்டான்.

'ஆறாம் மாதம்வரை' என்பது தவறு. ஏழாம் மாதம் முடியும்வரை ரேணுகா பிசைந்தாள். நாலாம் மாதமே நின்றுகொள்கிறேன் என்றாள், நான்தான் இன்னும் கொஞ்சநாள் போ என்றேன்.

'தெரிந்தவர் பையன்' என்று ஃபர்ஹானாவிடம் சொன்னது பொய்.

'கண்டித்தேன்' என்பது தவறு. அடித்தேன். கையால் இல்லை. கம்பெனியில் வீணாய்ப்போன பச்சை ட்யூப் துண்டு ஒன்று, ஒன்றரை அடி நீளம், கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டி வைத்திருந்தேன். ஆறு வயதிலிருந்து. 'ரேணுகா குறுக்கே வந்தாள்' என்பது சரி, ஆனால் முழுவதும் எழுதவில்லை. அவள்மேலும் விழுந்தது.

சின்ன வயதில் அவன் நிற்காமல் ஓடியதற்கு எது காரணம் என்று எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது, ஃபர்ஹானா சொன்னது போல. நான் அடித்ததற்குக் காரணம் எனக்குத் தெரியும். அவன் நிற்கவில்லை, எனக்குக் கோபம் வந்தது. அவன் நெஞ்சில் ஒரு நாளாவது கை வைத்துப் பார்த்திருந்தால் படபடவென்று அடித்துக்கொண்டிருந்ததா இல்லையா என்று தெரிந்திருக்கும்.

த. தணிகாசலம், 9-9-2025.

செப்டம்பர் 19, வெள்ளி

இது வேறு நோட்டு, கடையில் வாங்கியது. பழையது கமிட்டியிடம் இருக்கிறது, ஆராய்ச்சி முடியும்வரை அலுவலகத்தில்தான் இருக்குமாம்.

முடிவு வந்துவிட்டது. ஏழாம் கூண்டை ஒதுக்கிவிட்டு ஃபர்ஹானா தன் ஆய்வை எழுதலாம், நடந்ததை ஒளிக்காமல் அதில் ஒரு பத்தி எழுதவேண்டும். எனக்குக் கடும் எச்சரிக்கைக் கடிதம். இனி குட்டிகள் இருக்கிற அறைக்குள் போகக்கூடாது, கூண்டு கழுவுகிற இடத்தோடு சரி. வேலை போகவில்லை. எட்டுக் குட்டியைப் பற்றியும் கேட்டேன். சோதனை முடிந்த எலிகளுக்கு நடப்பது அவற்றுக்கும் நடந்துவிட்டது, பன்னிரண்டு கூண்டுக்கும் ஒரே நாளில். அதில் யார் குற்றமும் இல்லை. மதியச் சோற்றை அப்படியே வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுவந்தேன்.

சாயங்காலம் ஃபர்ஹானா கழுவுகிற இடத்துக்கு வந்தாள். என் நோட்டைப் படித்திருக்கிறாள் என்று அவள் நின்ற நிலையிலேயே தெரிந்தது. பிரஷ்ஷால்தான் அவை சாந்தமாக இருந்தனவா என்று கேட்டேன்.

"ஒரே ஒரு கூண்டு. அத வச்சு சொல்ல முடியாதுண்ணா" என்றாள். வழக்கமான பதில்தான். ஓடிக்கொண்டிருந்த குழாயை மூடினாள். பிறகு, "ஆனா ஒண்ணும் தெரியாமலேயே நீங்க தினமும் வந்தீங்கல்ல" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

செப்டம்பர் 22, திங்கள்

ரிசப்ஷனில் இருக்கிற போனிலிருந்து ஓசூருக்குப் பேசினேன். தெரியாத நம்பர் என்பதால் எடுத்துவிட்டான். இது ஒரு வகையில் ஏமாற்றுதான்.

"ஹலோ, யாரு?"

"அப்பாதான்டா."

அந்தப் பக்கம் மெஷின் ஓடுகிற சத்தம். வைத்துவிடுவான் என்று நினைத்தேன்.

"என்னா? உடம்புக்கு எதுனாவா?"

"உடம்பெல்லாம் நல்லாத்தான் கீது. ஒண்ணு சொல்லணும். உன்ன அடிச்சது தப்புடா. நீ வேணும்னு எதும் பண்ணல. நான்தான் பாக்கல."

மெஷின் மட்டும் ஓடியது. ரிசப்ஷன் பெண் என்னைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"எந்தத் தடவ அடிச்சத சொல்ற?" என்றான்.

குத்திக்காட்டுகிற குரல் இல்லை அது. நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டான். ஒரு வாரமாக என்னென்னவோ யோசித்து வைத்திருந்தேன். இந்தக் கேள்வியை யோசிக்கவில்லை.

"எல்லாத் தடவையும்" என்றேன்.

"ம்" என்றான். பிறகு, ஷிப்ட் நேரம், வைக்கிறேன் என்றான். வைத்தான்.

எல்லாத் தடவையும் என்று வாயால் சொல்லிவிட்டேன். எத்தனை தடவை என்று கேட்டிருந்தால் எனக்குச் சொல்லத் தெரியாது. எலிக்குட்டியைத் தடவிய நிமிடத்தைத் தேதி போட்டு எழுதியவன் இதை எங்கும் எழுதி வைக்கவில்லை. அவனுக்குத் தெரிந்திருக்கும்.